தாடை உடைந்த பூனைக்கு உணவு எந்த வழியால்: வாயா, மூக்குக் குழாயா, கழுத்துக் குழாயா?

வாகனம் மோதியோ, நாய் கடித்தோ, கூரையிலிருந்து விழுந்தோ முகம் உடைந்த பூனையைத் தூக்கிக்கொண்டு திருகோணமலையில் மிருக வைத்தியரிடம் போகிறவர்களை ஒரு கேள்வி திகைக்க வைக்கிறது. எக்ஸ்ரே பார்த்துவிட்டு அவர் கேட்பார்: "கம்பி போடலாம். ஆனா சாப்பாடு எப்பிடிக் குடுக்கப் போறியள்?" கம்பியை வைத்தியர் பார்த்துக்கொள்வார். சாப்பாட்டு விடயத்தில் வீட்டாரும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும், அதையும் பூனைக்கு மயக்க மருந்து ஏற்றும் முன்பே எடுக்க வேண்டும்.

தாடை முறிவு மட்டும் பூனையைக் கொல்வது அபூர்வம். பட்டினி கொல்லும். மூன்று நான்கு நாள் ஒன்றும் உண்ணாத பூனையின் உடல் தன் கொழுப்பைக் கரைத்து ஈரலுக்கு அனுப்பும். பூனையின் ஈரல் அந்தச் சுமையைத் தாங்காது, கொழுப்பேறி வேலையை நிறுத்தத் தொடங்கும். கொழுத்த பூனைக்குத்தான் இது விரைவாக வரும். "அதுக்கு உடம்பில இருக்கு, நாலு நாள் தாங்கும்" என்று சொல்வது அதனால்தான் ஆபத்து. முரசும் (பல் ஈறும்) காதின் உட்புறமும் மஞ்சளாகத் தெரிந்தால் ஏற்கெனவே பிந்திவிட்டது.

உணவைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு விடயம். வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், இரண்டு கண்மணிகளும் வெவ்வேறு அளவில் இருத்தல், கண் வெளியே தள்ளியிருத்தல், நிற்காத இரத்தம், சிறுநீர் போகாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது அவசரம். முதல் 24 முதல் 48 மணி நேரம் நெஞ்சையும் தலையையும் கவனிப்பதற்கானது. தாடை காத்திருக்கும். இந்த நிலையில் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எங்கே உடைந்திருக்கிறது. பூனைகளில் மிகுதியாகக் காண்பது கீழ்த்தாடையின் இரு பாதிகளும் நாடியின் நடுவில் பிரிவது. கோரைப் பற்களுக்குப் பின்னால் ஒரு கம்பியைச் சுற்றி இறுக்கினால் பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்தில் ஒட்டிவிடும். பல பூனைகள் கம்பி போட்டு ஓரிரு நாளிலேயே தாமாக நக்கி உண்ணும். தாடை மூட்டுக்கு அருகிலோ, இரு பக்கமுமோ உடைந்திருந்தால் கதை வேறு. மேல் அண்ணம் பிளந்திருந்தால் உண்பது மூக்கு வழியாக வெளியே வரும்.

மூக்கு திறந்திருக்கிறதா. பூனை நாக்கால் சுவைப்பதற்கு முன் மூக்கால் சாப்பிடுகிறது. இரத்தக் கட்டியால் மூக்கு அடைத்த பூனைக்கு எந்த மீனை வைத்தாலும் அது முகத்தைத் திருப்பும்.

எத்தனை நாள். மூன்று நாளுக்குப் போதுமான வழி மூன்று வாரத்துக்குப் போதாது.

மயக்க மருந்து எப்படியும் ஏற்றப் போகிறார்களா. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள். கம்பி போட மயக்கம் கொடுக்கும் அதே நேரத்தில் கழுத்துக் குழாயும் போட்டுவிடலாம், கூடுதலாகப் பிடிப்பது சில நிமிடம்தான். "முதலில் வாயால் கொடுத்துப் பார்ப்போம்" என்று விட்டுவிட்டு ஐந்தாம் நாள் திரும்பி வந்தால், மெலிந்துபோன பூனைக்கு இரண்டாவது மயக்கம், இரண்டாவது செலவு.

திருகோணமலையில் எந்த உணவு உங்கள் கைக்கு வரும். இதை யாரும் முதலில் கேட்பதில்லை. மெல்லிய குழாய்க்குத் திரவ உணவு மட்டுமே ஆகும். அது கொழும்பிலிருந்து வர இரண்டு நாள் என்றால், குழாய் இருந்தும் பூனை பட்டினி.

## கணக்கு

ஓய்வில் இருக்கும் 4 கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 200 கிலோகலோரி வேண்டும். 3 கிலோவுக்கு 160, 5 கிலோவுக்கு 235. தண்ணீர், உணவில் இருப்பதையும் சேர்த்து, கிலோவுக்கு 50 முதல் 60 மி.லீ.

பட்டினி கிடந்த பூனைக்கு முதல் நாளே முழு அளவையும் கொடுக்கக் கூடாது. முதல் நாள் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் நாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழுவதும். நீண்ட நாள் உண்ணாதிருந்தால் இதை இன்னும் மெதுவாக, ஐந்து நாளாக இழுக்க வேண்டும். திடீரென உணவு வந்தால் இரத்தத்திலுள்ள பொஸ்பேற்றும் பொட்டாசியமும் கீழே விழுந்து, தேறிக்கொண்டிருந்த பூனை சுருண்டு விடும்.

கடையில் வாங்கும் 85 கிராம் ஈர உணவுப் பக்கெட்டில் பொதுவாக 65 முதல் 85 கிலோகலோரி இருக்கும். பின்பக்கத்தைப் பாருங்கள், குட்டிகளுக்கான வகையில் கூடுதலாக இருக்கும். குழாயில் போகும் அளவுக்கு 35 மி.லீ. தண்ணீர் விட்டு அடித்தால் 120 மி.லீ. வரும், ஒரு மி.லீ.க்கு 0.6 கிலோகலோரிதான் மிஞ்சும். அப்போது 200 கிலோகலோரிக்கு 330 மி.லீ. ஏற்ற வேண்டும். நோயாளிப் பூனைகளுக்கென்றே செய்த செறிவான உணவு மி.லீ.க்கு 1 அல்லது அதற்கு மேல் தரும், 200 மி.லீ. போதும். விலையைப் பார்த்து மலைக்கும் முன் இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். அது ஒரு நாளில் இரண்டு வேளை வேலையைக் குறைக்கிறது.

## வழி 1: வாயால்

இதில் இரண்டு வகை. பூனை தானாக நக்குவது ஒன்று, சிரிஞ்சால் நாம் ஊட்டுவது மற்றது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பல பூனைகள் மெலிகின்றன.

தானாக நக்கினால் அதைவிட நல்லது இல்லை. உணவைத் தயிர்ப் பதத்துக்கு அடித்து, உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, விளிம்பில்லாத தட்டையான தட்டில் வைக்க வேண்டும். கோப்பையின் விளிம்பு நாடியில் இடித்தால் பூனை ஒரு தடவை முயன்று விட்டுவிடும். முன்னதாக, உப்புநீரில் நனைத்த பஞ்சால் மூக்குத் துவாரத்தைத் துடைத்துக் காய்ந்த இரத்தத்தை எடுங்கள். முகத்தைக் காலால் பிராண்டாமல் இருக்கக் கழுத்தில் கூம்பு போட்டிருந்தால் உண்ணும் நேரத்துக்கு மட்டும், பக்கத்தில் இருந்துகொண்டு கழற்றலாம்.

சிரிஞ்சால் ஊட்டுவதற்கு வாருங்கள். பாதுகாப்பாக ஒரு விழுங்கலுக்கு விடக்கூடியது அரை முதல் ஒரு மி.லீ. சிரிஞ்சின் நுனியைக் கோரைப் பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில், கன்னத்தின் பக்கமாக வைத்து, தலையை நிமிர்த்தாமல், விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்ததை விட வேண்டும். 200 மி.லீ. உணவுக்கு அப்படி 200 முதல் 400 தடவை. உடைந்த தாடையோடு, ஒவ்வொரு நாளும். இரண்டாம் நாள் முடிவில் பூனை சிரிஞ்சைக் கண்டாலே கட்டிலுக்கடியில் ஓடும், நீங்கள் அவசரத்தில் 3 மி.லீ.யை ஒரேயடியாக அழுத்துவீர்கள், அது மூச்சுக்குழாய்க்குப் போகும். இந்த வழியின் மறைந்த விலை நுரையீரல் அழற்சி. இன்னொன்றும் உண்டு: வலியோடு திணித்த உணவின் வாசனையே பூனைக்கு வெறுத்துப்போகும். தாடை ஒட்டிய பின்னும் அதைத் தொடாது.

சிரிஞ்ச் ஊட்டல் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஒப்பேற்றுவதற்கு. அண்ணம் பிளந்த பூனைக்கு அதுவும் கூடாது.

இது பொருந்துவது: நாடி நடுவில் மட்டும் பிரிந்து கம்பி போட்ட, மூக்கு திறந்த பூனைக்கு. 48 மணி நேரத்துக்குள் தேவையில் பாதியையாவது தானாக உண்ண வேண்டும். உண்ணாவிட்டால் காத்திராமல் அடுத்த வழி.

## வழி 2: மூக்குக் குழாய்

மூக்குத் துவாரம் வழியாக உணவுக்குழாய்க்கு விடும் மெல்லிய குழாய். பூனைக்கு 3.5 முதல் 5 பிரெஞ்ச் அளவு, அதாவது 5 என்பது ஒன்றரை மில்லிமீற்றரைச் சற்றுத் தாண்டிய தடிப்பு. மரத்துப்போகும் சொட்டு மருந்து மூக்கில் விட்டுப் பெரும்பாலும் மயக்கமின்றிப் போடலாம். மயக்கம் தாங்காத பூனைக்கு இதுவே இதன் ஒரே பெரிய சிறப்பு.

ஆனால் முகம் உடைந்த பூனைக்கு மூக்கு எலும்பும் பல நேரம் உடைந்தே இருக்கும், அங்கே இந்தக் குழாயைப் போட முடியாது. போட முடிந்தாலும் தண்ணீர் போலுள்ள திரவ உணவு தவிர எதுவும் இறங்காது. வீட்டில் அடித்து வடித்த உணவு இரண்டு தடவையில் அடைத்துவிடும். தும்மினால் வெளியே வரும், கூம்பு இல்லாவிட்டால் காலால் இழுத்துவிடும். மூன்று முதல் ஏழு நாள் வரைதான் நம்பலாம்.

இது பொருந்துவது: கீழ்த்தாடை மட்டும் உடைந்து, மூக்கு முழுசாக இருந்து, சத்திரசிகிச்சைக்கு இன்னும் மூன்று நான்கு நாள் தேற்ற வேண்டிய பூனைக்கு. பேராதனைக் கால்நடை போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக நாள் குறித்திருப்பவர்களுக்கு இது ஒரு பாலம்.

## வழி 3: கழுத்துக் குழாய்

கழுத்தின் இடப்பக்கத்தில் சிறு துளை இட்டு உணவுக்குழாய்க்குள் விடும் குழாய். 12 முதல் 14 பிரெஞ்ச், ஏறக்குறைய 4 முதல் 5 மில்லிமீற்றர். பார்க்கிறவருக்குப் பயங்கரம். "கழுத்தில ஓட்டை போடுறதா!" என்று வீட்டில் பெரியவர்கள் எதிர்ப்பது இங்கேதான். பூனைக்கோ ஓரிரு நாளில் பழகிவிடும், பல பூனைகள் குழாயில் உணவு போகும்போதே தூங்கும். முகத்தை யாரும் தொடுவதில்லை என்பதே அதற்குப் பெரிய நிம்மதி.

உண்மையான நன்மை மருந்தில் இருக்கிறது. நோ மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி, தண்ணீர் எல்லாம் இதே வழியால் போகும். உடைந்த வாயைப் பிளந்து குளிசை போடும் வேலையே இல்லை. குளிசையைத் தூளாக்கித் தண்ணீரில் முழுதாகக் கரைத்த பிறகே விட வேண்டும். மாவாக விட்டால் குழாய் அடைக்கும். எந்தக் குளிசையைத் தூளாக்கலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

குழாயின் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று போட்டவுடன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நுனி இரைப்பைக்குள் இறங்கியிருந்தால் அமிலம் மேலேறி உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வீடு திரும்பும் முன் தோலிலிருந்து குழாய் வெளிவரும் இடத்தில் அழியாத மையால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுதான் இனி உங்கள் காவல்.

ஒரு வேளை உணவு இப்படிப் போகும். முதலில் கோட்டைப் பாருங்கள், இடம் மாறியிருந்தால் எதையும் விடாதீர்கள். அடித்து, தேத்தண்ணி வடியால் வடித்த உணவைச் சிரிஞ்சில் எடுத்து, சிரிஞ்சோடு சுடுதண்ணிக் கோப்பையில் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், நடுவில் கொதிக்கும் துளி இருக்கும். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. பூனை நெஞ்சில் படுத்திருக்கட்டும், தலை உயர்ந்திருக்கட்டும். 5 மி.லீ. வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக விடுங்கள். இருமினால் அங்கேயே நிறுத்தி வைத்தியரை அழையுங்கள். இருமாவிட்டால் உணவு: 50 மி.லீ.க்கு 10 முதல் 15 நிமிடம். உதட்டை நக்குவது, எச்சில் வடிப்பது, திரும்பத் திரும்ப விழுங்குவது எல்லாம் குமட்டலின் அறிகுறி. நிறுத்தி, அடுத்த வேளை அளவைக் குறையுங்கள். முடிந்ததும் 5 முதல் 10 மி.லீ. தண்ணீர் விட்டு, குழாய் நிறைந்திருக்கும்போதே மூடியைப் போடுங்கள். 4 கிலோ பூனைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 40 முதல் 60 மி.லீ.யைத் தாண்டாதீர்கள். செறிவான உணவென்றால் நாளுக்கு நான்கு வேளை, நீர்த்ததென்றால் ஆறு.

சிரிஞ்ச் வாங்கும்போது கவனம். பாமசியில் கேட்டவுடன் தருவது ஊசி பொருத்தும் மெல்லிய வாய் கொண்டது, இந்தக் குழாய்க்குச் சேராது. நீண்ட கூம்பு வாய் கொண்ட 50 அல்லது 60 மி.லீ. சிரிஞ்ச் வேண்டும். இரண்டு வாங்குங்கள், ரப்பர் ஒரு வாரத்தில் இறுகிவிடும்.

என்னென்ன பிழையாகப் போகும்? அடைப்பு முதலாவது. வெதுவெதுப்பான தண்ணீரை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக இழுத்துத் தள்ளினால் பெரும்பாலும் திறக்கும், பலம் போட்டால் குழாய் வெடிக்கும். இரண்டாவது, வாந்தியில் குழாய் நுனி வாய்க்குள் வந்துவிடுவது. பூனை அதைக் கடித்து விழுங்கக் கூடும், உடனே கொண்டுபோக வேண்டும். மூன்றாவது, துளையில் கிருமி. நாளுக்கு ஒரு தடவை கட்டவிழ்த்து, உப்புநீராலோ, இளம் தேத்தண்ணி நிறத்துக்கு நீர்த்த பொவிடோன் அயடினாலோ துடைத்துப் புதிய கட்டுப் போடுங்கள். கட்டுக்குள் ஒரு விரல் போக வேண்டும். சிறிது கசிவு இயல்பு, சீழும் நாற்றமும் வீக்கமும் இயல்பல்ல.

எங்கள் வெக்கையில் நான்காவது ஒன்று: ஈயும் எறும்பும். சிந்திய உணவுக்கு எறும்பு வரும், ஈரமான புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளில் புழு. பூனையை வீட்டுக்குள்ளேயே, நுளம்பு வலைக்குள் வையுங்கள்.

இது பொருந்துவது: ஒரு வாரத்துக்கு மேல் உண்ண மாட்டாது என்று எதிர்பார்க்கும் எந்தப் பூனைக்கும். தாடை மூட்டு உடைந்தது, இரு பக்கமும் உடைந்தது, அண்ணம் பிளந்தது, பற்களை ஒட்டி வாயைப் பாதி மூடி வைத்தது, மூக்கு நசுங்கியது எல்லாம் இதில் அடங்கும். ஓயாமல் வாந்தி எடுக்கும் பூனைக்கு மட்டும் பொருந்தாது. அதற்கு வேறு வழியை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், ஆனால் முகக் காயத்துக்கு அது தேவைப்படுவது அரிது.

## ஒரே பார்வையில்

| | வாயால் | மூக்குக் குழாய் | கழுத்துக் குழாய் |
|---|---|---|---|
| மயக்க மருந்து | வேண்டாம் | பெரும்பாலும் வேண்டாம் | வேண்டும், குறுகியது |
| எத்தனை நாள் | தானாக உண்டால் எத்தனையும். சிரிஞ்சால் 1–2 | 3–7 | வாரங்கள், மாதங்கள் |
| உணவு | தயிர்ப் பதம் | திரவம் மட்டும் | அடித்து வடித்தது |
| நொறுங்கிய மூக்கு | தானாக உண்ணாது | போட முடியாது | தடையில்லை |
| மருந்து கொடுக்க | கடினம் | திரவ மருந்து மட்டும் | எளிது |
| உங்கள் நேரம் | சிரிஞ்சென்றால் மணிக்கணக்கு | வேளைக்கு 15–20 நிமிடம் | வேளைக்கு 20–30 நிமிடம் |
| பெரிய ஆபத்து | நுரையீரலுக்குப் போவது | கழன்று இடம் மாறுவது | துளையில் கிருமி |
| மறைந்த செலவு | பிந்திய இரண்டாவது மயக்கம் | திரவ உணவு, திரும்பப் போடுதல் | எக்ஸ்ரே, கட்டுத்துணி, மறுபார்வை |

## பேராதனைப் பயணம்

சிக்கலான முறிவென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை போதனா வைத்தியசாலைக்கு அனுப்பக் கூடும். ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஏறத்தாழ 180 கிலோமீற்றர், வாகனத்தில் நாலைந்து மணி நேரம். விடியற்காலையில் புறப்படுங்கள், நண்பகல் வெயிலில் அடைத்த கூடை அடுப்பாகிவிடும். எப்போது உணவை நிறுத்த வேண்டும் என்பதை முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள்.

பயணச் செலவைக் கணக்கிடுகிறவர்கள் ஒரு தடவை போய்வருவதையே கணக்கிடுகிறார்கள். கம்பி கழற்ற ஒரு தடவை, மறுபார்வைக்கு ஒரு தடவை என்று மூன்றாகும். கட்டு மாற்றுதலையும் குழாய் கழற்றலையும் திருகோணமலையிலேயே செய்ய முடியுமா என்று இங்குள்ள வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு, அங்கிருந்து குழாயின் அளவும் போட்ட திகதியும் எழுதிய கடிதம் வாங்கி வாருங்கள். அங்கே கம்பி போடும்போதே கழுத்துக் குழாயும் போடுவது இந்தத் தூரத்தில் இருமடங்கு நியாயம். உண்ணவில்லை என்று திரும்பவும் 180 கிலோமீற்றர் ஓட முடியாது.

## எந்த வழியானாலும் குசினியிலிருந்து எடுக்கக் கூடாதவை

பனடோல். ஒரு குளிசையே பூனையைக் கொல்லப் போதும். பரசிற்றமோலை உடைக்கும் வல்லமை பூனையின் ஈரலுக்கு இல்லை, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் முரசு மண்ணிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். இபுபுறூபனும் பூனைக்கு நஞ்சு. நோ மருந்து பூனைக்கு நிச்சயம் வேண்டும், ஆனால் மிருக வைத்தியர் எழுதியது மட்டும்.

டெற்றோலைப் புண்ணில் தொடக்கூடாது, நக்கினால் நஞ்சு.

சொதியில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது இங்கே வழக்கம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை, கழுவினால் சாறு போகாது. மீனைத் தனியே, உப்பும் போடாமல் அவித்து முள் எடுத்துக் கொடுக்கலாம், சில நாளைக்கு மட்டும். வெறும் மீன் முழு உணவாகாது. சூடையும் சாளையும் பச்சையாக வேண்டாம், பல மீன்களின் பச்சைச் சதையில் தயமினை (விற்றமின் B1) அழிக்கும் பொருள் இருக்கிறது. பசும்பாலும் பால்மாவும் வயிற்றோட்டத்தைத் தரும். மனிதருக்கான சத்து மாவில் பூனைக்குப் போதிய புரதம் இல்லை.

அடித்த உணவைப் பிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். வெளியே ஒரு மணி நேரம் இருந்ததைக் கொட்டிவிடுங்கள், கரண்ட் போன நாளில் இன்னும் கண்டிப்பாக.

நோவில் இருக்கும் பூனை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால், அல்லது பூனையைக் கடித்தது தெரியாத நாயாக இருந்து அதன் எச்சில் உங்கள் கைக் கீறலில் பட்டால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடித் தடுப்பூசி அங்கே இலவசம்.

## குழாயை எப்போது எடுப்பது

தட்டை எந்நேரமும் முன்னால் வையுங்கள், கழுத்துக் குழாய் இருக்கும்போதே பூனை வாயால் உண்ணலாம். தானாக உண்ணத் தொடங்கியதும் குழாய் உணவை மெல்லக் குறைத்து, ஒரு வாரம் முழுக்க வாயால் மட்டும் உண்டு, நிறை குறையாமல் இருந்த பிறகு கழற்றச் சொல்லுங்கள். நிறையைச் சமையல் தராசில், அதே பிளாஸ்ரிக் கூடையில் வைத்து, காலையில் பாருங்கள். மனிதர் ஏறும் தராசில் 100 கிராம் வித்தியாசம் தெரியாது.

கழற்ற மயக்கம் வேண்டாம். தையலை வெட்டி இழுத்தால் வந்துவிடும். துளையைத் தைக்கக் கூடாது, அது தானாகச் சில நாளில் மூடும். முதல் நாள் பூனை தண்ணீர் குடிக்கும்போது கட்டு சற்று நனையக் கூடும். அதற்குப் பயந்து இறுக்கிக் கட்டாமல் மெல்லிய துணியை மட்டும் வையுங்கள்.